தோழனின் செம்பு

1

இக்கதை என்னுடையதன்று; என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவள், உட்துறைமுக வீதியில் என் அயல்வீட்டுத் தர்சிகா. திருமண அழைப்பிதழில் பிழைதிருத்த வந்தவள், நான் பேனாவைத் திறக்குமுன்பே அழுதாள்.

"சேர், அண்ணாதான் தோழனா நிண்டு மாப்பிள்ளையின்ர காலைக் கழுவோணும். கூடப் பிறந்தது அவர் ஒராள்தானே. மடத்தில ஒருக்காக் கதையுங்கோவன்."

அண்ணன் இராகுலனை நீங்கள் அறிவீர்கள். அறியாவிடின் துறைமுகத்து ஓட்டோ ஒன்றில் ஏறுங்கள்; அவன் பாட்டின்றி அது நகராது. (லகரமும் ளகரமும் ஒன்றெனக் கருதும் குரல். வகுப்பிலேயே திருத்தினேன், பயனில்லை.) சென்ற ஆண்டு திருவிழா மேடையில், பாட்டின் நடுவே ஒலிவாங்கியை வைத்துவிட்டுப் போய், திரியாய் ஊருக்குப் பக்கத்து மடமொன்றில் காவி உடுத்தான். இனிப் பாடுவதில்லை என்பது அவன் விரதம்.

2

முதல் தொடக்கம்: 'கடல் அன்று அமைதியாக—'

வேண்டாம். திருகோணமலைக் கதையெல்லாம் கடலில்தான் தொடங்க வேண்டுமா?

இரண்டாவது: 'இராகுலன் துறந்த காரணம்—'

தெரியாது. காதல் தோல்வி என்றால் மலிவு. ஞானம் என்றால் சான்றில்லை. நேரிலேயே போய்க் கேட்டேன்.

"பாட்டு முடிஞ்சுது, சேர்."

"முடிஞ்சதெண்டா ஏன் பாதியில விட்டனீ?"

சிரித்தான். இப்படிப்பட்ட பாத்திரத்தை வைத்துக்கொண்டு எவன் கதை எழுதுவான்?

"கலியாணத்துக்கு வாறன். கால் கழுவுறதும் சேவைதானே."

3

வந்தான். நான் எண்ணியவாறே கதை நடந்தது. அப்போதே ஐயுற்றிருக்க வேண்டும்.

மண்டப வாசலில் மாப்பிள்ளை நிலக்சன் பலகைமேல் நின்றான். காவி வேட்டியுடன் இராகுலன் செம்பைச் சரித்தான். மாப்பிள்ளை காலை இழுத்துக்கொண்டான்.

"ஐயோ சாமி! நீங்கள் என்ர காலைத் தொட்டா எனக்குத்தான் பாவம்!"

சொன்னவன் இராகுலனின் காலில் விழுந்தான். அவன் தாயும் விழுந்தாள். பின்னால் நின்றோர் வரிசையாக விழுந்தனர். இவன் ஒருவரைத் தூக்குவதற்குள் இருவர் விழுந்தனர்.

"முகூர்த்தம் போகுது! ஆரெண்டாலும் ஆரின்ரையாவது காலைக் கழுவுங்கோ!" என்று ஐயர் கத்தினார். (ஐயர் கத்தலாகாது, கத்தினார்.)

"கட்டைபறிச்சானிலயிருந்து வந்த பெரியம்மாவின்ர மகன் நிக்கிறான், அவன் கழுவட்டுமே," என்றது ஒரு குரல்.

மணமகள் அறைக்குள்ளிருந்து தர்சிகா: "அண்ணா கழுவாட்டி நான் வெளியில வரமாட்டன்!"

மாப்பிள்ளையின் மாமன் இரத்தினசிங்கம் வழி கண்டார். "சாமியெண்டா ஏலாது. பாட்டுக்கார இராகுலனெண்டா ஓம். ஒரு வரி பாடிக் காட்டட்டும், நாங்கள் நம்புறம்."

எல்லோரும் என்னைப் பார்த்தனர், அவனை அழைத்துவந்த குற்றத்திற்காக.

4

முடிவு அ: பாடுகிறான். விரதம் உடைகிறது, கதவு திறக்கிறது. எழுதிக் கிழித்தேன். கைதட்டலுக்காக எழுதப்பட்ட முடிவு.

முடிவு ஆ: பாடவில்லை. பெரியம்மா மகன் செம்பை வாங்குகிறான். தர்சிகா வருகிறாள், அண்ணனைப் பாராமல். பிழையற்ற வாக்கியங்கள், ஒருமுறைக்கு மேல் வாசிக்க என்னால் இயலவில்லை.

முடிவு இ: "கொஞ்சம் பிடியுங்கோ, சேர்," என்று இராகுலன் செம்பை என்னிடம் தந்து, நிமிர்ந்து, மூச்சை உள்ளிழுத்தான். பாடுமுன்னும் அப்படித்தான் இழுப்பான்; மன்னிப்புக் கேட்குமுன்னும் அப்படித்தான். தர்சிகாவின் கை தாழ்ப்பாளில் இருக்கிறது. மாப்பிள்ளை ஒற்றைக் காலைத் தூக்கியபடி நிற்கிறான். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், செம்பு கனக்கிறது, தண்ணீர் என் வேட்டியில் சொட்டுகிறது.

வாசகரே, நெடுநேரமாகச் சும்மாதானே நிற்கிறீர்? பிடியும்.