பரவை சின்னானின் கைநாட்டு

லாசர் வீட்டுக்கு அந்த மட்டை வந்து சேர்ந்த அன்றைக்குத்தான் எனக்கு நெஞ்செரிச்சல் ஆரம்பித்தது. டாக்டர் பழியைத் தூக்கி வரமிளகாய்ச் சட்னி மேல் போட்டார். நான் மறுத்துப் பேசவில்லை. மட்டைக்கு மாத்திரை கிடையாது.

முதலில் லாசர் யார் என்று சொல்லிவிடுகிறேன். பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அவன் விசில் அடித்தால் மலை மேல் மேய்கிற ஆடுகள் உயரவாரியாக வரிசை கட்டி நிற்கும். கோச்சடையில் எனக்கு அடுத்த தெரு. ஊருக்கு அவன் 'சார்'. எனக்கு 'லாசரு'.

நான் நல்லகாமன். உண்மையைத் தவிர வேறு எதுவும் பேசிப் பழக்கமில்லாதவன். சாயங்காலமானால் அசோக்குமார் டீக்கடையில், ரோட்டைப் பார்த்த பெஞ்சில், சுவரோரமாக என் இடம். வைகையில் வெள்ளம் வந்த வருஷம் என் எருமை மாடு ராமநாதபுரம் வரைக்கும் மிதந்து போய், தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று பஸ் பிடித்துத் திரும்பி வந்ததை அங்கேதான் முதன்முதலில் சொன்னேன். கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட்தான் போட்டார் என்பதையும் மறைக்கவில்லை. நான் பேச ஆரம்பித்தால் வடை ஆறும், டீயில் ஆடை கட்டும், ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள். முதல் ஆளாகத் தொடையைத் தட்டிச் சிரிப்பவன் லாசர். எங்கள் வயலெல்லாம் பிளாட்டுகளாகி, பிளாட்டுகள் பிள்ளைகளுக்குப் போய்விட்டன. எனக்கென்று மிச்சமிருந்தது அந்தப் பெஞ்சும் அந்தக் காதுகளும்தான்.

அதில்தான் மட்டை வந்து விழுந்தது.

லாசருக்கு எழுபது முடிந்ததற்கு, சென்னையில் வேலை பார்க்கும் மகன் ஜூடு அனுப்பிய பரிசு. கிரிக்கெட் மட்டை. அதில் ஒரு பெரிய ஆட்டக்காரரின் கையெழுத்து. அவர் பேரை நான் எழுதமாட்டேன். எழுதினால் நீங்களும் என்னை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். கோச்சடைக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். சாயங்காலமானால் பெஞ்சு காலி. லாசர் வீட்டு வாசலில் செருப்புக் குவியல். அசோக்குமார் பிளாஸ்கில் டீயை ஊற்றி அங்கேயே அனுப்ப ஆரம்பித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போய்ப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் துணி மேல் படுத்திருந்தது மட்டை. அதற்கென்று தலைக்கு மேலே ஒரு குட்டி லைட். சுவரில் தொங்குகிற வேத வசனத்துக்கே அந்த வீட்டில் தனி லைட் கிடையாது.

"எங்கய்யா கையெழுத்து?" என்றேன்.

"இந்தா, இதுதான்."

"இதுவா? எறும்பு மையில விழுந்து எந்திரிச்சு வீட்டுக்குப் போன மாதிரில்ல இருக்கு."

"பெரிய ஆளுக கையெழுத்து அப்பிடித்தான் மாப்ள இருக்கும்."

"ஒரு எழுத்தும் புரியலையே. அவரு போட்டதுன்னு எப்பிடிக் கண்ட?"

"சர்டிபிகேட் இருக்குல்ல. ஸ்டிக்கரைப் பாரு, எப்பிடி மின்னுது!"

"சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட்டது யாரு?"

லாசர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான். "கம்பெனிக்காரன்."

"அந்தக் கையெழுத்து உண்மைன்னு அவனுக்கு யாரு சர்டிபிகேட் குடுத்தா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் உடம்பு தேறியது. விடவில்லை.

"சரி, இதை வச்சு அவரு எம்புட்டு ரன் எடுத்தாரு?"

"இது ஆடின பேட்டு இல்ல மாப்ள. கையெழுத்துக்குன்னே செஞ்சது."

"பந்தே படாத பேட்டா? கல்யாணமே ஆகாதவனுக்கு வெள்ளிவிழாக் கொண்டாடுறீகளா?"

மறுபடியும் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு, ஒவ்வொருத்தராக மட்டையோடு செல்பி எடுத்துக்கொண்டார்கள். லாசர் மட்டும் அந்த ஸ்டிக்கரை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் பெண்டாட்டி பாக்கியமேரி உள்ளேயிருந்து ஒரு டம்ளரோடு வந்தாள்.

"இந்தாங்கண்ணே, மோரு. வயித்தெரிச்சலுக்கு நல்லது."

அந்த வாரம் ரேஷன் கடையில் மெஷின் மேல் கட்டை விரலை வைத்தபோது எனக்கு வழி பிறந்தது. கையெழுத்தை எவனும் கிறுக்கலாம். ரேகையைக் கிறுக்க முடியுமா? கைநாட்டுக்குச் சர்டிபிகேட்டும் வேண்டாம், மினுமினு ஸ்டிக்கரும் வேண்டாம்.

வீட்டில் தரை துடைக்கப் போட்டிருந்த என் பழைய பனியனை எடுத்தேன். டீத்தூள் தண்ணீரில் ஊறப்போட்டு, கோழிக் கூடைக்கு அடியில் ஒருநாள் வைத்தேன். பல வருஷம் பழசாக வெளியே வந்தது. விரலில்தான் சிக்கல். என் கைக் கட்டை விரல் ஆதார்காரனுக்குத் தெரியும், ரேஷன்காரனுக்குத் தெரியும், பாங்குக்காரனுக்குத் தெரியும். கால் கட்டை விரலை இதுவரை எந்தச் சர்க்காரும் கேட்டதில்லை. அதைச் சொட்டு நீலத்தில் தோய்த்து, பனியன் நெஞ்சில் வைத்து ஒரு அமுக்கு. நெல்லிக்காய் அளவுக்கு நீலமாகப் பதிந்தது.

பனியனில் பதிந்தது சரி, விரலை விட்டுத்தான் போகவில்லை. என் பெண்டாட்டி அழகம்மாள் பார்த்துவிட்டாள்.

"வேட்டிக்குப் போடச் சொன்னா வெரலுக்கா போட்டு வச்சிருக்கீக?"

கல் தடுக்கிவிட்டது, அதற்கு மருந்து என்றேன். வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, நொண்டியபடியே டீக்கடைக்குப் போனேன்.

"அசோக்கு, பரவை சின்னானைத் தெரியுமாடா உனக்கு?"

"எந்தச் சின்னான் பெரியப்பா?"

"கெட்டது போ. கபடி ஆடின சின்னானைத் தெரியாம நீ டீ ஆத்துறியா?"

சொன்னேன். சின்னான் பாடிப் போனால் மூச்சு விடமாட்டார். அவர் எதிராளி கோட்டுக்குள் 'கபடி கபடி' என்று கால் வைத்தபோது பரவையில் புறப்பட்ட பஸ், திண்டுக்கல்லில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பி வரும். அவர் அதே மூச்சில் பாடிக்கொண்டு நிற்பார். ஒருமுறை நடுவர் வீட்டுக்குப் போய்க் கறிச்சோறு சாப்பிட்டு, கை கழுவி, கண்ணயர்ந்து எழுந்து வந்தும் ஆட்டத்தில் ஒன்றும் தவறிப்போகவில்லை. அப்பேர்ப்பட்டவர் கடைசி ஆட்டத்தன்று பனியனைக் கழற்றி, 'நல்லகாமா, நமக்கு எழுத்து வராதுப்பா' என்று கட்டை விரலை அமுக்கி என்னிடம் கொடுத்தார்.

பாலிதீன் பையிலிருந்து பனியனை உருவிக் காட்டினேன். பிளாஸ்க் அன்றோடு லாசர் வீட்டுக்குப் போவது நின்றது. என் பெஞ்சு நிரம்பி, எதிரே இருந்த சைக்கிள் கடைத் திண்டு வரைக்கும் ஆள் உட்கார்ந்தது. லாசரும் வந்து ஓரமாக நின்று கேட்டான். வீட்டில் மட்டை தன் லைட்டோடு தனியாகக் கிடந்திருக்கும். எனக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம்.

ஆனால் பாருங்கள், வாரம் திரும்புவதற்குள் வேறொரு எரிச்சல் வந்து சேர்ந்தது. வருகிறவன் எவனும் என்னைக் கேட்பதில்லை. "சின்னான் எம்புட்டு உசரம்?" "சின்னான் என்ன சாப்பிடுவாரு?" என்னால் உண்டான ஆள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். செத்தவனோடு போட்டி போட்டு யார் ஜெயிக்க முடியும்? அதிலும் பிறக்காமலே செத்தவனோடு?

யாரோ பனியனை வீடியோ எடுத்துப் போனில் போட்டிருக்கிறார்கள். அது பரவைக்கும் போய்விட்டது. ஒரு சாயங்காலம் இரண்டு பைக்கில் நாலு பேர் வந்து கடை முன்னால் இறங்கினார்கள். முன்னால் வந்தவன் பேர் செல்வக்குமார், பரவை மார்க்கெட்டில் வெங்காயக் கமிஷன் கடை வைத்திருப்பவன். கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்ட கை பெரிதாக இருந்தது.

"அய்யா, சின்னான் எங்க தாத்தா."

கடித்த வடையைத் தட்டில் வைத்தேன்.

"அப்பிடியா, ரொம்பச் சந்தோசம்."

"சடுகுடு ஆடினவருன்னு எங்கப்பா சொல்லுவாரு. எங்ககிட்ட அவரு போட்டோகூடக் கெடையாது. வீடியோவைப் பாத்து வீட்டுல அம்புட்டுப் பேரும் அழுதுட்டாக." கும்பிட்ட கையை இறக்கினான். "ஆனா எங்க தாத்தா எட்டாங் கிளாஸ் பாஸுய்யா. மார்க்கெட்டுல எடைச் சீட்டு அம்புட்டும் அவரு எழுதினதுதான். அவரைப் போயிக் கைநாட்டுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கீக."

"வேற சின்னானா இருக்கும்பா."

"பரவையில கபடி ஆடின சின்னான் ஒருத்தருதான். நெசம்னா சொல்லுங்க, மாலை போட்டு மேளம் வச்சு வாங்கிட்டுப் போறோம். பொய்யின்னா அதையும் இங்கனயே சொல்லிருங்க. டேய், போனை எடுறா."

கூட வந்தவன் போனைத் தூக்கிப் பிடித்தான். அத்தனை முகமும் என் வாயைப் பார்க்கிறது. ஒரு வார்த்தை பிசகினால் சின்னான் போவார், எருமை போகும், அந்தப் பெஞ்சில் இத்தனை வருஷம் நான் சொன்னதெல்லாம் போகும். வாயைத் திறந்தேன். அடுத்த வரி வரவில்லை. எனக்கு அப்படி நேர்ந்ததே கிடையாது.

"அந்தப் பனியனைக் கொண்டா தம்பி, பாப்போம்."

ஓரத்தில் நின்றிருந்த லாசர்தான். வாங்கினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீலத் தடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கீழே குனிந்து, என் காலில் இருந்த துணிக்கட்டைப் பார்த்தான். கட்டின் ஓரத்தில் நீலம் கசிந்திருந்தது. மறுபடி தடத்தைப் பார்த்தான். அவன் மட்டையை நாலு பேர் முன்னால் நான் கிழித்ததற்கு வட்டியும் முதலுமாக வாங்க, இதைவிட நல்ல நேரம் அவனுக்கு வாய்க்காது.

"இது கைநாட்டு இல்ல," என்றான் லாசர்.

போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இது கால் கட்டை விரலு. டிரில் மாஸ்டரு நான். புள்ளைக காலைப் பாத்தே சம்பளம் வாங்கினவன். எனக்குத் தெரியாதா?"

கடை இரைந்தது. லாசர் கையை உயர்த்தினான். விசில் இல்லாமலே எல்லாரும் அடங்கினார்கள்.

"நல்லகாமன் தப்பாச் சொல்லிட்டான் தம்பி. பாவம், வயசாச்சு, நெனப்புத் தவறுது. உங்க தாத்தா முத்து முத்தா எழுதுவாரு. ஆனா அன்னைக்கு நடந்தது வேற. நானும் அங்கனதான் நின்னேன்."

நான் கண்ணைத் திறந்தேன்.

"கடைசிப் பாட்டு. ரெண்டு பக்கமும் சமம். சின்னான் பாடிப் போறாரு. ஏழு பேரும் மொத்தமா வந்து விழுந்துட்டாக. ரெண்டு கையும் அவுக பிடியில. இடுப்பு மேல ஒருத்தன், முதுகு மேல ஒருத்தன். மூச்சு மட்டும் இவருகிட்ட இருக்கு. 'கபடி கபடி'ங்குறது மண்ணுக்குள்ள இருந்து வர்ற மாதிரிக் கேக்குது. ஏழு பேரையும் சொமந்துக்கிட்டு அப்பிடியே ஊர்றாரு. கோட்டுக்கு ஒரு சாண் இருக்கையில அதுவும் முடியல. காலை நீட்டுறாரு. எட்டல. இன்னும் நீட்டுறாரு. கட்டை விரல் நுனி தம்பி, நுனி மட்டும், கோட்டைத் தொட்டுச்சு. ஏழு பேரும் அவுட்டு!"

செல்வக்குமாரின் வாய் திறந்திருந்தது. போனைப் பிடித்திருந்தவன் கை தாழ்ந்துவிட்டது.

"பனியன்ல கையெழுத்துப் போடுங்கன்னு பேனாவை நீட்டுனோம். வாங்கலியே மனுசன். 'கையி என்னய்யா செஞ்சது? கையத்தான் அவன் புடிச்சு வச்சிருந்தானே. தொட்டவன் இவன்தானே'ன்னு காலைத் தூக்கிக் காட்டினாரு. பக்கத்து வீட்டுல நீலக்கட்டி வாங்கிக் கரைச்சு, அந்த விரலைத் தோச்சு வச்ச முத்திரைதான் இது."

நீலக்கட்டி! அந்தக் காலத்தில் சொட்டு நீலம் ஏது? கட்டிதான். எனக்கு அது தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் தொடையைத் தட்டிச் சிரிக்க மட்டும் தெரிந்தவன் என்று நினைத்திருந்தேன் இவனை. என் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். எனக்கோ அவன் குரல்வளையைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. அந்தக் கதை என் வாயில் வந்திருக்க வேண்டியது.

செல்வக்குமார் பனியனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். என் கால் கட்டை விரல் அவன் இமையில் பட்டது.

"இதை நாங்க கொண்டுபோகலாமா சார்?" என்று கேட்டான். லாசரைத்தான் கேட்டான்.

"நல்லகாமனுக்குக் குடுத்ததுப்பா அது. அவனைக் கேளு."

"கொண்டு போப்பா," என்றேன். வேறென்ன சொல்ல?

"பங்குனியில தாத்தா பேருல ஆட்டம் வைக்கிறோம். சார் வந்து தலைமை தாங்கணும். அய்யா, நீங்களும் வாங்க."

நீங்களும்! பைக்குகள் போன பிறகு லாசர் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஏன்டா காப்பாத்துன?" என்றேன், உதடு அசையாமல்.

"நீ அன்னைக்குச் சர்டிபிகேட்டைப் பத்திக் கேட்டுட்டுப் போயிட்ட மாப்ள. அதுல இருந்து அந்தப் பேட்டைப் பாத்தா எனக்குப் பக்குங்குது. ஜூடுகிட்ட என்னன்னு கேக்குறது? ஆசையா வாங்கி அனுப்பியிருக்கான்." பைக் போன திசையைப் பார்த்தான். "இந்தப் பயலும் ஆசையாத்தான வந்தான்."

பதிலுக்கு நான் ஏதாவது சொல்வதற்குள் கடையில் குரல் எழுந்தது.

"சார், அந்த ஏழு பேரும் அப்புறம் ஒண்ணும் தகராறு பண்ணலியா?" அசோக்குமார் கேட்டுக்கொண்டே பெஞ்சைத் துடைத்தான். சுவரோரம், ரோட்டைப் பார்த்த இடம். "நிக்கிறீகளே சார், உக்காருங்க. சாருக்கு ஒரு ஸ்ட்ராங் டீ!"

லாசர் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

சைக்கிள் கடைத் திண்டிலிருந்தவர்கள் எழுந்து வந்து நெருங்கி நின்றார்கள். எனக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. வீட்டுக்குப் போயிருக்கலாம், போகத்தான் திரும்பினேன். ஆனால் சின்னானை ஊருக்குள் கூட்டிவந்தவன் நான். ஏழு பேரைச் சுமந்து ஊர்ந்த அந்த மனுஷனுக்கு அதற்கப்புறம் என்ன ஆனது என்று எனக்கே தெரியாது. லாசருக்குத் தெரியும் போலிருந்தது. டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, வேண்டுமென்றே தாமதித்துக்கொண்டிருந்தான்.

காலியாகக் கிடந்த ஒரு ஸ்டூலை இழுத்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போட்டேன்.

"சொல்லித் தொலைடா," என்றேன். "அப்புறம்?"