நானூறு லிட்டர் தொட்டி

…முக்கி எடுக்காமலே உள்ளே வைத்தான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, புது உயிர்ப்பவளத்தைக் கடல்மீன் தொட்டியில் வைக்கும் முன் மருந்துத் தண்ணீரில் முக்கி எடு என்று கடைக்காரன் படித்துப் படித்துச் சொல்லியிருப்பான், என் மாப்பிள்ளைக்குக் காது எங்கே, மாமனார் பிறந்தநாளுக்குப் பரிசு கொடுக்கிற அவசரம், கொடுத்தது பவளமா, தட்டைப்புழு… துரு நிறத்தில், வெட்டிப்போட்ட நகத்தைவிடச் சிறிதாக, கண்ணாடி முழுக்க, எண்ணிப் பார்த்தேன், ஒரு கோடியே பதினேழு, நடுவில் ஒன்று நகர்ந்துவிட்டதால் திரும்ப முதலிலிருந்து எண்ணினேன். காலையிலிருந்து இரண்டு பேரும் குழாய் வைத்து உறிஞ்சி மூன்று வாளி எடுத்தாயிற்று, இந்தச் சனியன்கள் மொத்தமாகச் செத்தால் விஷம் கக்கும், மீனும் கூடவே போகும், மருந்து கூடினாலும் போகும், இருப்பதோ ஒரே மீன், மகள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வளர்த்த ஆரஞ்சுக் கோமாளி மீன், வயது பதினான்கு, வெளியில் முப்பது என்று சொல்வேன். அடுக்களையிலிருந்து அவள் குரல், "அப்பா, அதுக்கு ஏதாவது ஆச்சு, உங்க ரெண்டு பேர்கிட்டயும் பேச மாட்டேன்." ரெண்டு பேர்கிட்டயுமாம், நான் என்ன செய்தேன்?

"பத்து லிட்டருக்கு ஒரு சொட்டு. தொட்டி எத்தனை லிட்டர் மாமா?" குப்பியைத் திறந்துகொண்டே கேட்டான். நானூறு என்றேன், வாய் அப்படிப் பழகிவிட்டது, பெண் பார்க்க வந்த அன்றே இவனிடம் சொன்னதுதானே, கிரேன் வைத்து ஜன்னல் வழியாக ஏற்றினோம், தெருவில் போக்குவரத்தை நிறுத்தினார்கள்… உண்மையில் நானும் மகளும் படியில் தூக்கிவந்தோம், நடுவில் இறக்கி வைத்துத் தேநீர் குடித்தோம். இருநூற்றைம்பது லிட்டர். "ஒண்ணு… ரெண்டு…" சத்தமாக எண்ணுகிறான், கடன்காரன், நாற்பது வரை எண்ணுவான், மீன் மல்லாந்துவிடும், இருபத்தைந்துக்குள் சொல்லியாக வேண்டும், சொன்னால் சிரிப்பானா? சிரித்தால்கூடப் போகட்டும், இவன் "பரவாயில்ல மாமா" என்பான், அந்தப் பரவாயில்லையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? "பதினெட்டு." இன்னும் ஏழு சொட்டு நேரம் மானத்தோடு இருக்கலாம். மீன் கல்லிடுக்கிலிருந்து வந்து என் விரலுக்கு நேரே கண்ணாடியைக் கொத்துகிறது, பசி என்று நினைக்கிறது, மடையன். "இருபத்தி மூணு." மாப்பிள்ளை என்று வாயைத் திறந்தேன். "இருபத்தி நாலு. இருபத்தஞ்சு." குப்பியை மூடினான்.

"என்ன மாப்பிள்ளை, நிறுத்திட்டீங்க?"

"கல்லு, மணலெல்லாம் நூத்தம்பது லிட்டர் இடத்த அடைச்சுக்குமே மாமா. நானூறு லிட்டர் தொட்டிக்கு இவ்வளவுதான்."

அத்தனை கல் இருந்தால் மீன் வெளியே நாற்காலி போட்டு உட்கார வேண்டியதுதான், பொய், பச்சைப் பொய், கண் இமைக்காமல், குரல் ஏறாமல், எனக்கு அந்தச் சுத்தம் வர நாற்பது வருடம் ஆயிற்று. புழுக்கள் கண்ணாடியிலிருந்து கழன்று கழன்று விழத் தொடங்கின, அவன் குழாயை என் கையில் கொடுத்தான், நான் குனிந்து உறிஞ்சினேன், மீன் செவுள் அடித்துக்கொண்டுதான் இருந்தது, நன்றி சொல்ல வேண்டுமென்று ஒரு கணம் தோன்றியது, உடனே இவன் கழுத்தை நெரிக்கலாம்போலவும் தோன்றியது… பதினோரு வருடமாக என் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு கதைக்கும் "அப்படியா மாமா, அப்புறம்?" என்று கண்ணை அகல விரித்தானே, அதெல்லாம்?