படகுக்குப் புது விரிப்பு

பக்கவாதம் வந்து டெல்பர்ட்டின் வலது கையும் காலும் பாதி விழுந்துபோனதிலிருந்து, அவனுடைய மீன்பிடி படகு கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. கைகால் கூடக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பேச்சுதான் திரும்பவில்லை. மனதில் எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது, வாய்க்கு வரும்போது வார்த்தை மாறிவிடுகிறது என்று பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் சொன்னாள். எப்படியோ 'செவ்வாய்க்கிழமை' என்ற ஒரு சொல் அவன் நாக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. தண்ணீர் வேண்டுமென்றாலும் செவ்வாய்க்கிழமை, டிவி சத்தத்தைக் குறை என்றாலும் செவ்வாய்க்கிழமை. ஆமாம், இல்லை இரண்டும் மிச்சமிருந்தன. அவையும் சில நேரம் இடம் மாறிக்கொள்ளும். வசவு மட்டும் பழைய கணீர்க் குரலில் ஒரு குறையுமில்லாமல் வந்தது.

படகை விற்றுவிடலாம் என்று சொன்னது அவன் மனைவி ரோவீனாதான். கேட்டபோது அவன் "ஆமா" என்றான். அது எந்த ஆமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தோண்டிக் கேட்கவும் பயமாக இருந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். கென்டக்கி ஏரிக்கரையிலேயே காலம் பூராவும் வாழ்ந்தும், அந்தப் படகில் ஏறி உட்கார்ந்ததேயில்லை. அது அவனுடைய இடம். ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்குச் சர்ச் என்றால் அவனுக்கு ஏரி.

அடுத்த தெரு கோர்டெல் வந்து பார்த்தான். எஞ்சின் பிடித்திருந்தது. தரையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"மிஸ் ரோவீனா, தப்பா எடுத்துக்காதீங்க. படகு தங்கம். ஆனா இந்த கார்ப்பெட்ட என் பொண்டாட்டி பாத்தான்னா, என்னையும் படகையும் சேத்து வெளிய தள்ளிருவா."

பொய்யில்லை. உட்காரும் இடத்துக்கு முன்னால் விரிப்பு நைந்து பலகை தெரிந்தது. மற்ற இடமெல்லாம் மீன்வாடையும் பாசியும் ஏறிக் கறுத்திருந்தது. டவுனில் படகு வேலை செய்கிறவனைக் கேட்டால், இலையுதிர் காலத்துக்கு முன்னால் முடியாது என்றான். பள்ளிக்கூடம் விடுமுறை. சும்மாதானே இருக்கிறோம், நாமே செய்தால் என்ன என்று ரோவீனாவுக்குத் தோன்றியது. கடைக்குப் போய் சாம்பல் நிறத்தில் ஒரு சுருளும் ஒரு வாளிப் பசையும் வாங்கி வந்தாள்.

டெல்பர்ட் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். அவள் இருக்கைகளைக் கழற்றினாள். இடுக்கியால் பழைய விரிப்பின் ஓரத்தைக் கவ்வி இழுத்தாள். சில இடத்தில் முழுசாக வந்தது, சில இடத்தில் கோழித்தோல் மாதிரி பிய்ந்து பிய்ந்து வந்தது. அடியிலிருந்த காய்ந்த பசையைச் சுரண்டுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது.

"செவ்வாக்கிழம" என்று ஊன்றுகோலால் ஒரு மூலையைக் காட்டினான்.

"தெரியுதுய்யா. அங்கயும் சுரண்டணும், அதானே? உனக்கு ஒரு சூப்பர்வைசர் வேலை போட்டுக் கொடுத்திருக்கேன், ஒழுங்கா செய்யி."

அவன் முகத்தின் நல்ல பக்கம் லேசாக அசைந்தது.

படகின் மூக்குப் பக்கம் சாமான் வைக்கும் அறைகளுக்கு இரண்டு மூடிகள். மூக்கு குவிவதால் மூடிகளும் ஒரு பக்கம் சரிவாக இருக்கும். இடது மூடியிலிருந்து பழைய துண்டை உரித்து, புது விரிப்பின் முதுகில் அப்படியே நிமிர்த்தி வைத்து, சுற்றிக் கோடு போட்டாள். கத்தியை எடுத்ததும் டெல்பர்ட் நாற்காலியில் நெளிய ஆரம்பித்தான்.

"செவ்வா… செவ்வாக்கிழம! இல்ல! ஆமா! செவ்வாக்கிழம!"

"பாத்ரூம் போணுமா?"

"இல்ல!"

"டீயா? இரு, இத வெட்டிட்டுத் தரேன்."

அவன் இடது உள்ளங்கையைக் கவிழ்த்து, நிமிர்த்தி, மறுபடி கவிழ்த்துக் காட்டினான். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கத்தி சர்ரென்று ஓடியது. துண்டை எடுத்துக்கொண்டு போய் மூடிமேல் வைத்துப் பார்த்தாள். சரிவு எதிர்ப்பக்கம் இருந்தது. திருப்பி வைத்தால் பொருந்தியது, ஆனால் விரிப்பின் முதுகு மேலே வந்தது.

"அடி சக்க" என்றாள் ரோவீனா. "நீ இதத்தான் சொன்னியா? கவுத்து வைக்கணும்னா?"

"சனியனே!" என்றான் டெல்பர்ட், சுத்தமாக, ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி.

அப்புறம் சிரித்தான். முதலில் மூச்சுத் திணறல் என்று பயந்தாள். வாய் ஒரு பக்கம் கோணி, கண்ணில் நீர் வழிய, தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் சிரித்ததை அவள் பார்க்கவேயில்லை. அவன் திட்டியதில் அவளுக்கு வந்த கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது.

அவன் ஊன்றுகோலோடு எழுந்து வந்தான். அவள் கையிலிருந்த துண்டை வாங்கி வலது மூடிமேல் போட்டான். கச்சிதமாக உட்கார்ந்தது. வலது மூடிக்கு இனி வெட்ட வேண்டிய வேலையே இல்லை.

"பெரிய ஆளுதான்" என்றாள். "இனி அந்த நாற்காலி வேணாம். இங்கயே கிட்ட இரு."

அன்றிலிருந்து அவன் படகின் ஓரத்தில் உட்கார்ந்தே வேலை பார்த்தான். வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு துண்டையும் இடது கையால் தடவி, விரிப்பின் மேலிழைகள் எல்லாவற்றிலும் ஒரே பக்கம் சாய்கின்றனவா என்று பார்ப்பான். அவள் பசை தடவுவாள். இது தொட்டதும் கடித்துக்கொள்ளும் பசை. இழுத்துச் சரிசெய்ய முடியாது. நீளத் துண்டை விரித்தபோது அவள் ஒரு முனையைத் தூக்கிப் பிடிக்க, அவன் மறுமுனையைத் தன் முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, தலையசைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். ஒரு சுருக்கம் விழவில்லை. வேலை முடிந்த மாலை இரண்டு பேரும் படகுக்குள்ளேயே உட்கார்ந்து பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டார்கள். கீழே சிந்தக் கூடாது என்று அவள் அவன் மடியில் ஒரு துவாலையை விரித்துவிட்டாள்.

கோர்டெல் சனிக்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் எஞ்சின் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று ரோவீனா சொன்னாள். அது சாக்கு என்று அவளுக்கே தெரியும். படகை ஏற்றிய வண்டியை ஏரிச் சரிவில் ஒரே வீச்சில் பின்னால் இறக்கினாள். அவன் புருவத்தை உயர்த்தினான்.

"என்ன பாக்குற? பஸ்ஸ நாப்பது குரங்குங்களோட பின்னால எடுக்கறவ நான்."

அவன் கைகாட்டிய பக்கம் அவள் படகை ஓட்டிப் போய், மரங்கள் கவிந்த ஒரு ஒதுக்கத்தில் நிறுத்தினாள். டெல்பர்ட் இடது கையால் தூண்டிலை வீசினான். அது தண்ணீருக்குப் போகாமல் பின்னால் வந்து புது விரிப்பில் குத்தியது. எழுந்து அதைப் பிடுங்கப் போனவனுக்கு வலது கால் மடங்கியது. அவள் பாய்ந்து சட்டையைப் பிடித்தாள். இருவரும் பொத்தென்று தரையில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் படகின் வயிற்றில் தட்டிக்கொண்டிருந்தது.

அவள் அவன் சட்டையை விடவில்லை. படகை விற்கலாமா என்ற அன்று தோண்டிக் கேட்காமல் விட்டதை அங்கே கேட்டாள்.

"டெல். மனசுல இருக்கறத நேரா சொல்லு. விக்க வேணாம்னு நீ நெனச்சா நான் கோர்டெல வரவேணாம்னு சொல்லிருவேன். நானே ஓட்டறேன், நீ உக்காந்து பிடி. என்ன சொல்ற?"

அவன் வாயைத் திறந்து மூடினான். செவ்வாய்க்கிழமை வரப்போகிறது என்று நினைத்தாள். அவன் அதை விழுங்கினான். நெஞ்சில் கை வைத்தான்.

"ப… பயம்" என்றான். "வித்துரு."

இத்தனை வருஷத்தில் அவன் வாயால் பயம் என்ற வார்த்தையை அவள் கேட்டதில்லை. புயல் எச்சரிக்கை வந்த நாளில்கூட ஒன்றும் ஆகாது என்று ஏரிக்குப் போகிறவன். "சரி" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து இடுக்கியை எடுத்து, விரிப்பு நூல் உருவாதபடி மெதுவாகத் தூண்டில் முள்ளைக் கழற்றினாள்.

சனிக்கிழமை கோர்டெல் பொண்டாட்டியோடு வந்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, "யாருங்க செஞ்சது?" என்று கேட்டாள். டெல்பர்ட் ரோவீனாவைக் காட்டினான், ரோவீனா டெல்பர்ட்டைக் காட்டினாள். படகு தெருமுனை திரும்பும்வரை டெல்பர்ட் பார்த்துக்கொண்டு நின்றான். அழவில்லை. உள்ளே போய்ச் சாப்பாடு கேட்டான், செவ்வாய்க்கிழமை என்றுதான்.

திங்கட்கிழமை மழை விட்டதும், பின்கட்டில் ஏதோ உருளும் சத்தம் கேட்டு அவள் போய்ப் பார்த்தாள். மிச்சமிருந்த விரிப்புத் துண்டை டெல்பர்ட் ஊன்றுகோலால் தள்ளிக்கொண்டு வந்திருந்தான். பின்வாசலில் நாலு மரப் படிகள். நனைந்தால் வழுக்கும். அவற்றைக் காட்டினான்.

"படியிலயா? பாக்க நல்லாவா இருக்கும்? வீட்டுக்கு வர்றவங்க லைஃப் ஜாக்கெட் எங்கன்னு கேப்பாங்கய்யா."

"ஆமா" என்றான் அவன், விடாப்பிடியாக.

படி காய்ந்த பிறகு ஆரம்பித்தார்கள். அவள் வெட்டினாள். பசையை இந்தமுறை அவனே இடது கையால் தடவினான், சட்டையிலும் கொஞ்சம். மேல்படியிலிருந்து கீழ்நோக்கி ஒட்டிக்கொண்டே வந்து, கடைசிப் படியை அழுத்தி முடித்தபோதுதான் இரண்டு பேரும் தோட்டத்தில் நிற்பது தெரிந்தது. பசை நன்றாக இறுகும்வரை மிதிக்கக் கூடாது.

"முன்வாசல் பூட்டியிருக்கே" என்றாள் ரோவீனா. "சாவி என் பாக்கெட்லதான் இருக்கு, வா."

ஈரப் புல்லில், அவள் தோளைப் பிடித்தபடி, அவன் வீட்டைச் சுற்றி நடந்தான்.