யசோதா சால்வையான விவரம்

பெங்களூரு ராஜாஜிநகரில் உள்ள நவமணி கேம்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த நாற்பத்தொரு பேருக்கும், 2022 ஆகஸ்ட் எட்டாம் தேதி காலை பதினொன்றேகால் மணியிலிருந்து, இன்னொரு மனிதரைத் தொட முடியாமல் போனது. லேப்டாப்பைத் தொட முடிந்தது, மத்தூர் வடையைத் தொட முடிந்தது. மனிதரை நோக்கி நீட்டிய கை மட்டும் ஒரு சாண் தூரத்தில் கண்ணாடியில் முட்டியதுபோல நின்றது. முதலில் கவனித்தவர் மூத்த புரோகிராமர் கிளிஃபர்ட். மீட்டிங் முடிந்ததும் முதலாளி முனிகிருஷ்ணனுக்குக் கைகொடுக்கப் போனவர், சிறிது நேரம் காற்றைக் குலுக்கிவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினார். அலுவலகத்தில் சுகாதாரம் மேம்பட்டிருப்பதில் நிர்வாகம் மகிழ்ச்சி அடைவதாக மறுநாளே சுற்றறிக்கை வந்தது. மெட்ரோ நெரிசலில் இவர்களைச் சுற்றி மட்டும் ஒரு சாண் காலியிடம் இருந்ததைப் பார்த்து மற்ற பயணிகள் பொறாமைப்பட்டார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் ஆராயவில்லை. நவமணியில் செய்வது, ஆடுபவர் ஒரு வீரனாக வேடமேற்று ஊர் ஊராகச் சுற்றும் கம்ப்யூட்டர் கேம்கள். அந்தக் கேம்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் எஞ்சினை 2003-ல் கிளிஃபர்ட் தனியாளாக எழுதினார்; ஐராவதம் என்று பெயர். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் இரண்டு உருவங்கள் உரசினால் திரை உறைந்துவிடும். அதனால் ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி வேண்டும் என்று ஒரு வரி எழுதி, பக்கத்தில் ‘அடுத்த வாரம் சரிசெய்ய வேண்டும்’ என்று குறித்துவைத்தார். அடுத்த வாரம் பத்தொன்பது வருடமாக வரவில்லை. இதற்குள் அந்த வரியின் தலையில் ஐந்து கேம்கள் ஏறி உட்கார்ந்துவிட்டன. அதை உருவினால் ஐந்தும் சரிந்துவிடும். ஆகவே ஐந்திலும் வீரன் குகைக்குப் போனான், வெட்டினான், சாவியோடு திரும்பினான். யாரும் யாரையும் அணைக்கவில்லை, தூக்கவில்லை, கைபிடித்து நடக்கவில்லை. முனிகிருஷ்ணன் இதை நவமணியின் தனி பாணி என்று மாநாடுகளில் விளக்கினார்.

கதை எழுதும் வேலைக்குச் சேர்ந்த சிந்து, ஸ்ரீராம்புரத்துப் பெண். வெள்ளம் புகுந்த ஊரில் ஒருத்தி தன் தாயை முதுகில் சுமந்து வெளியேறும் காட்சி ஒன்றை எழுதிக்கொண்டு போனாள். கிளிஃபர்ட் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ரொம்ப நல்லாருக்கும்மா. ஆனா ஐராவதத்துல ஒரு ஆள் இன்னொரு ஆள வெட்டலாம். தொட முடியாது.”

தாயை நடக்கவிடச் சொன்னார்கள், நடக்கவிட்டாள். ஐராவதத்தில் தண்ணீர் என்பது நீலத் துணி மாதிரி விரித்த படம், யாரும் அதில் இறங்க முடியாது என்றார்கள், வெள்ளத்தை எடுத்தாள். வெள்ளம் இல்லாத ஊரில் தாய் எதற்கு என்று கேட்டார்கள். நாற்பதாவது திருத்தத்தில் பதினொரு எலிகளும் ஒரு சாவியும் மிஞ்சின. முனிகிருஷ்ணனுக்குப் பிடித்திருந்தது.

ஆகஸ்ட் எட்டாம் தேதி மீட்டிங்கில், ஆறாவது கேமுக்காவது புது எஞ்சின் வேண்டாமா என்று யாரோ கேட்டார்கள். “ஐராவதத்தோட வாழப் பழகிக்கணும். பழகிக்கிறவங்க கை தூக்குங்க,” என்று தன் கையையும் தூக்கினார் முனிகிருஷ்ணன். நாற்பத்தொரு கைகள் உயர்ந்தன. சம்பள உயர்வு முடிவாகும் அப்ரைசல் மாதம் என்பதால் சிந்துவின் கையும் உயர்ந்தது. அந்தக் கைகள் கீழே இறங்கியபோதுதான் மேற்சொன்னது நடந்தது.

சிந்துவின் தாய் யசோதா முப்பது வருடம் மாநகராட்சித் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இரண்டு முழங்காலும் தேய்ந்து, ஆள் தூக்கினால்தான் எழுந்திருப்பாள். அதுவரை தூக்கியது சிந்து. ஆகஸ்டுக்குப் பிறகு பக்கத்து வீட்டுச் சந்திரம்மா வந்து தூக்கினாள். சிந்து ஒரு சாண் தள்ளித் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருநாள் யசோதாவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிடப் போய், சீப்பின் நுனியால் ஒதுக்கினாள். அன்று அவள் அலுவலகத்துக்கு விடுப்பு சொன்னாள், காரணம் எழுதவில்லை.

செப்டம்பரில் ஒரு பிற்பகல் பெய்த மழையில் சாக்கடை நிரம்பி ஸ்ரீராம்புரத்துச் சந்துக்குள் தண்ணீர் வந்தது. சந்திரம்மா கல்யாணத்துக்காக அத்திபெலே போயிருந்தாள். சந்தில் மற்றவர்கள் அவரவர் வீட்டுச் சாமான்களோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டபோது சிந்து கிளிஃபர்டுக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்ட அவர், இருபது வருட வேலையில் முதல்முறையாக வேகமாகப் பேசினார்.

“ஆள ஆள் தூக்க முடியாது. ஆனா ஐராவதத்துல பொருள் எத வேணா போட்டுக்கலாம். அம்மா பேர நான் பொருள் பட்டியல்ல சேத்துடறேன்.”

“எங்கம்மாவப் பொருள்னு எழுதுவீங்களா சார்?”

“சால்வைனு எழுதறேன்மா. கொஞ்சம் மரியாதையா இருக்கும். எடையும் பூஜ்யம்.”

சிந்து போனைக் காதில் வைத்தபடியே தாயிடம் சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்தது. யசோதா முழங்கால்மேல் புடவையைச் சுருட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“முப்பது வருசம் ரோடு கூட்டினேன். அப்ப மட்டும் யாரு என்ன ஆளாப் பாத்தாங்க? சால்வைனா சால்வ. தண்ணி ஏறுது, அந்த ஆள சீக்கிரம் எழுதச் சொல்லுடி.”

நான்கு மணி பத்து நிமிடத்துக்குக் கிளிஃபர்ட் எழுதினார். சிந்து கை நீட்டினாள், கை நிற்கவில்லை. தாயின் தோள் சூடாக இருந்தது. யசோதாவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ஒரு முனை முன்னாலும் ஒரு முனை முதுகிலும் விழுந்தது. எடை இல்லை. குளிர் தாங்கும் திறன் இரண்டு புள்ளி கூடியது. இடுப்பளவுத் தண்ணீரில் மெயின் ரோடு வரைக்கும் நடந்தபோது, பாத்திரத்தோடு எதிரே வந்தவர்கள் வழிவிட்டார்கள். “கால ஊனி நட, அங்க மூடியில்லாத குழி இருக்கும்,” என்று யசோதா காதருகே சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தச் சந்தின் குழிகள் அவளுக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் கரை ஏறினார்கள்.

அடுத்த வாரம் தங்கள் வீட்டு ஆட்களையும் பொருளாக எழுதச் சொல்லி அலுவலகத்தில் வரிசை நின்றது. கிளிஃபர்ட் சலிக்காமல் எழுதினார். குழந்தைகள் தொப்பியானார்கள், ஒரு தாத்தா பெல்ட்டானார். முனிகிருஷ்ணனின் மனைவி மட்டும் எந்தப் பொருளாகவும் பதிவாக மறுத்துவிட்டார். அவரும் முனிகிருஷ்ணனும் இன்றும் ஒரு சாண் இடைவெளியில் நலமாக வாழ்கிறார்கள். ஆறாவது கேமில் எலிகளை நீக்கிவிட்டு, தாயைச் சால்வையாகப் போர்த்திக்கொண்டு ஒருத்தி நீலத் துணியின் ஓரமாக நடக்கும் காட்சியைச் சேர்த்தார்கள். விமர்சகர்கள் துணிச்சலான கற்பனை என்று எழுதினார்கள். ஐராவதம் இன்னும் இருபது வருடம் தாங்கும் என்று முனிகிருஷ்ணன் அறிவித்தார். சிந்து அதற்குள் அங்கிருந்து விலகியிருந்தாள். விலகினாலும் மீட்டிங்கில் தூக்கிய கை தூக்கியதுதான் என்று தெரிந்தது. அந்த ஒரு சாண் அவளோடேயே வந்தது.

இப்போதும் மாதம் ஒருமுறை சிந்து யசோதாவைத் தோளில் போட்டுக்கொண்டு, முழங்கால் டாக்டரைப் பார்க்க சிவாஜிநகர் பஸ் ஏறுகிறாள். பெண்களுக்குப் பஸ் இலவசமான பிறகு முதல்முறை ஏறியபோது, கண்டக்டர் “எஷ்டு ஜனா?” என்று கன்னடத்தில் எத்தனை பேர் எனக் கேட்டுவிட்டு, தானே எண்ணிப் பார்த்து, மகளிர் டிக்கெட் ஒன்று கிழித்து நீட்டினார். தோளிலிருந்து யசோதா தலையைத் தூக்கினாள்.

“எனுக்கு எங்கப்பா?”

கண்டக்டர் சிந்துவைப் பார்த்தார். சால்வையைப் பார்த்தார். எச்சில் தொட்டு இன்னொன்றையும் கிழித்து, அதை யசோதாவின் கையிலேயே கொடுத்துவிட்டு, அடுத்த சீட்டுக்குப் போனார்.