நெட்டையன் வாசிக்காத இடங்கள்

பேஸ் கிட்டார் வாசிக்கும் நெட்டையன் குழுவை விட்டுப் போகப்போகிறான் என்ற சந்தேகம், ஒரு ஜோக்கில் ஆரம்பித்தது. குழுவின் பாடகியான அவள் அதைச் சொன்னதும் அவளுடைய தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். நெட்டையன் தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் சிரித்தான்.

பாட்டு எழுதுவதும் பாடுவதும் அவள். டிரம்ஸ் அவளுடைய தம்பி. மூவருக்கும் ஒத்திகை இடம் ஒரு டயர் கடையின் மாடி. கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடினால் வாசிப்பை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். பின்னால் எந்தக் கம்பெனியும் இல்லை. முதல் ஆல்பம் ஒரே இரைச்சல், நண்பர்கள் மட்டும் தாட்சண்யத்துக்குக் கேட்டார்கள். இரண்டாவதில்தான் பெயர் கிடைத்தது. அவள் குரலைத் தாழ்த்தி ஒரு வரி பாடுவாள். பேஸ் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வராது. அந்த வெறுமையில் அடுத்த வரி வந்து விழும். இதுதான் இவர்கள் பாணி என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். பேட்டிகளில் அவளும் அதைத் தன் யோசனையாகவே சொல்லிவந்தாள். உண்மையில் நெட்டையன் அங்கே வாசிக்கவில்லை, அவ்வளவுதான். நன்றாக இருந்ததால் ஏன் என்று அவள் கேட்கவில்லை.

இப்போது மூன்றாவது ஆல்பத்துக்கான ஒத்திகை. நெட்டையன் போனை எடுப்பதையே விட்டுவிட்டான், எதற்கும் மெசேஜ்தான். முடிந்ததும் பேச்சுக்கு நிற்காமல் கிளம்பினான். தம்பியோ டிரம்ஸை அவன் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டான். அவள் உள்ளே நுழைந்தால் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். பெரிய அரங்குகளை நிரப்பும் பாடகர் ஒருவர் பேஸுக்கு ஆள் தேடுகிறார் என்று யாரோ சொன்னபோது அவள் சந்தேகம் உறுதியானது. தம்பியிடம் நைசாக விசாரித்தாள். அவனிடமே கேள் என்று மழுப்பினான். கூடப்பிறந்தவனும் கூட்டுச் சேர்ந்துவிட்டான் என்று முடிவு கட்டினாள்.

ஒரு மதியம் நெட்டையன் ஏறிய பேருந்தில் அவளும் பின்வாசல் வழியாக ஏறினாள். அந்த உயரத்துக்கு அவனைத் தவறவிடுவதுதான் கஷ்டம். அவன் இறங்கி நுழைந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவின் பலகை தெரிந்தது. படியேறும்போதே அவனைக் கேட்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டாள்.

மூன்றாம் மாடியில் பாதி திறந்திருந்த ஒரு கதவு. உள்ளே கண்ணாடி அறையில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு நெட்டையன். வெளியே ஒரு பெண் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று ஓரடி வைத்தவள் நின்றாள். அவன் கையில் கிட்டார் இல்லை. அந்தப் பெண் ஒரு பொத்தானை அழுத்த, அவன் விரலைத் தூக்கினான். மறுபடி அழுத்தினாள். மறுபடியும். அவன் சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான், விரல் எழவில்லை.

ஸ்டூடியோ இருந்தது பக்கத்துக் கதவில். இது காது பரிசோதனை செய்யும் இடம்.

வெளியே வந்தவன் அவளைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் படியில் உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"முதல் ஆல்பம் முடிஞ்சதுலேருந்து. நீ குரலைத் தாழ்த்துனா எனக்கு எதுவும் கேக்காது. தப்பா வாசிக்கறதுக்கு பதிலா சும்மா இருந்துடலாம்னு இருந்தேன். நீங்கல்லாம் அதை ஸ்டைலுன்னு சொல்லிட்டீங்க."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வெச்சிருப்பியா?"

ஆமாம் என்று சொல்ல அவளுக்குக் கொஞ்சம் நேரமானது. அந்தத் தாமதத்தை அவன் கவனித்துவிட்டான்.

டிரம்ஸ் நகர்ந்ததற்கும் காரணம் அதுதான். அதிர்வு தரைப்பலகை வழியாக நெட்டையன் காலுக்கு ஏறட்டும் என்று தம்பி செய்த ஏற்பாடு. அன்று மாலை அவள் தம்பியோடு சண்டை போட்டாள், அப்புறம் அவனுக்குப் பிடித்ததைச் சமைத்தும் போட்டாள்.

காதுக்கு மெஷின் வந்தது. நெட்டையன் கட்டவிழ்த்துவிட்டதுபோல் இண்டு இடுக்கு விடாமல் வாசித்தான். பல பாட்டுகளுக்கு அது புது ரத்தம்தான். ஒரு பாட்டில் மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. இந்த வரிக்கப்புறம் கொஞ்சம் விட்டுவிடேன் என்று தயங்கிக் கேட்டாள்.

அவன் கை கம்பியிலேயே நின்றது. "எனக்குக் கேக்கலைன்னு நெனச்சு சொல்றியா?"

"இல்ல. பாட்டுக்காகத்தான்."

அவன் நம்பவில்லை. தம்பியைத் திரும்பிப் பார்த்தான். தம்பி, அக்கா சொல்வது சரிதான் என்று தலையாட்டினான். முதலில் இருந்து ஆரம்பித்தார்கள். அந்த இடம் வந்தபோது நெட்டையன் வாசிக்கவில்லை. ஆனால் பாட்டு முடியும்வரை அவள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.