பதினான்காவது நிமிடத்தில் ஒரு சொல்

நாகஜோதி காலை ஐந்தரைக்கே வேலைக்கு உட்கார்ந்துவிடுவாள். வேலை என்றால் ஆனையூரில் தன் வீட்டுச் சமையலறையை ஒட்டிய அறையில், லேப்டாப்புக்கு முன்னால், காதில் ஹெட்போனோடு. கோரிப்பாளையத்தில் ஒரு மூன்றாம் மாடியில் இருந்த கம்பெனி, வெளிநாட்டு ஆபீஸ்களின் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கித் தரும் வேலையை எடுத்துச் செய்துகொண்டிருந்தது. முதலில் மெஷின் கேட்டு எழுதும். அது தப்பும் தவறுமாக எழுதியதை நாகஜோதி மாதிரி ஆட்கள் கேட்டுத் திருத்துவார்கள். காதில் விழுந்தது எதுவோ அதை எழுத வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. கேட்டதை வெளியே சொல்லவும் கூடாது.

இரண்டு வருடமாக அவளுக்கு வந்தவை ஆஸ்திரேலியாவின் நடுப்பக்கத்துப் பதிவுகள். டவுனிலிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளி, செம்மண் வெளிக்கு நடுவே இருக்கும் பூர்வகுடி ஊர்கள். குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிகள் அங்கே ஜீப்பில் போய், பிள்ளை பத்திரமாக இருக்கிறதா, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விசாரித்துப் பதிந்துகொண்டு வருவார்கள். சரியில்லை என்று பட்டால் பிள்ளையை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடலாம். நாகஜோதிக்கு விசாரணை மட்டும் வரும். முடிவு வராது.

அடிபட்ட பிள்ளைகளின் கதைகளும் அதில் இருந்தன. அந்த மாதிரி நாட்களில், 'சீக்கிரம் தூக்கிட்டுப் போ தாயி' என்று அதிகாரியிடம் மனசுக்குள் கெஞ்சுவாள். இன்னும் சில நாட்களில் அதே அதிகாரி, வீட்டில் எத்தனை பேர் படுக்கிறீர்கள், எத்தனை கட்டில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்கும்போது, தன் வீட்டில் இருக்கும் ஒரே கட்டிலில் துவைத்த துணிதான் படுத்திருக்கிறது என்பது ஞாபகத்துக்கு வரும். எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமலே டைப் அடித்துக்கொண்டிருப்பாள்.

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். நாற்பது நிமிடப் பதிவு ஒன்று வந்தது. நாலு வயதுப் பெண்குழந்தை. பெயர் வரும் இடத்திலெல்லாம் 'பீப்' என்று ஒரு சத்தத்தைப் போட்டு மறைத்திருந்தார்கள். விசாரிக்கிற அதிகாரியும் பெண், பதில் சொல்கிறவளும் பெண். பின்னால் நாய்கள் குரைத்தன. தகரக் கதவு ஒன்று காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது.

"குழந்தையோட அம்மா எங்கே?"

"டவுன் ஆஸ்பத்திரியில. கிட்னிக்கு மெஷின் வைக்கிறாங்க. அங்கேயேதான் இருக்கணும்."

"குழந்தை கூட எப்போதும் யாராவது இருக்கிறார்களா?"

இந்தக் கேள்வி பதினான்காவது நிமிடத்தில் வந்தது. அதற்கு அந்தப் பெண் இரண்டே வார்த்தை சொன்னாள். அதைச் சொல்லும்போது கதவு அடித்தது.

மெஷின் எழுதியிருந்தது, 'எ லிட்டில், மேம்'. கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறார்கள், மேடம்.

நாகஜோதி திருப்பிக் கேட்டாள். அவள் காதில் விழுந்தது 'லிட்டில் மம்'.

விரல்கள் விசைப்பலகையில் அப்படியே நின்றன. லிட்டில் மம். சின்ன அம்மா. சின்னம்மா. அம்மாவின் தங்கச்சி கூட இருக்கிறாள் என்று சொல்கிறாள் இந்தப் பெண். கொஞ்சம் என்று எங்கே சொன்னாள்?

மறுபடி மறுபடி ஓட்டினாள். அதற்குப் பிறகு வந்ததையும் கேட்டாள். பிள்ளைக்கு அண்ணன் ஒருவன் இருப்பதாக அந்தப் பெண் சொன்னாள். பிள்ளைக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை என்று முதலில் சொன்னீர்களே என்று அதிகாரி கேட்டாள். "அந்த வயித்துல இல்ல. என் வயித்துல" என்றாள் அவள். அதிகாரியின் பேனா கிறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பதில்கள் முன்னுக்குப் பின் முரண் என்று எழுதியிருப்பாள் என்று நாகஜோதிக்குத் தோன்றியது.

இதில் என்ன முரண்? அந்தச் சின்னம்மா இவளேதான். சின்னம்மா மகன் அண்ணன்தானே. பெரியம்மா மகனும் அண்ணன்தான். அத்தை மகன், மாமன் மகன் என்றால்தான் வேறு. எந்த ஊரோ, எந்தச் சனமோ, முறை நம்ம முறையாக இருக்கிறதே என்று அவளுக்கு ஒரு பக்கம் ஆச்சரியம். இன்னொரு பக்கம் அந்தச் சொல்லை விட்டு நகர முடியவில்லை. அதற்குக் காரணம் அவள் வீட்டிலேயே இருந்தது.

அந்த நேரம் பக்கத்து அறையில் தலை வாராமல் பள்ளிக்கூடப் பையைத் துழாவிக்கொண்டிருந்த சஷ்விகா, நாகஜோதியின் அக்கா கனகலட்சுமியின் மகள். இரண்டு வயதில் இந்த வீட்டுக்கு வந்தவள். கனகலட்சுமியின் புருசன் வாடிப்பட்டி ரோட்டில் லாரி மோதி இறந்துபோனான். அவள் பிழைப்புக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள். பிள்ளையை, "ஒரு வருசம் வச்சிரு" என்று தங்கச்சியிடம் விட்டுவிட்டுப் போனாள். அந்த ஒரு வருசம் ஆறு வருசமாகிவிட்டது. நாகஜோதிக்கும் முத்துக்குமரனுக்கும் பிள்ளை இல்லை. சின்னம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த சஷ்விகா எப்போது அதில் பாதியை விழுங்கிவிட்டு அம்மா என்று கூப்பிடத் தொடங்கினாள் என்பது யாருக்கும் நினைவில்லை.

போன வாரம்தான் கனகலட்சுமி போன் பண்ணியிருந்தாள். தனி வீடு பிடித்துவிட்டாளாம். தெருமுனையிலேயே பள்ளிக்கூடமாம். "லீவுக்கு வாரேன், வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். "சரிக்கா" என்றாள் நாகஜோதி. வேறு என்ன சொல்ல முடியும்?

ஆகவே, தான் கேட்டது உண்மையிலேயே அந்தப் பெண் சொன்னதா, இல்லை தன் மனசு சொல்லிக்கொடுத்ததா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இருபதாவது தடவைக்குப் பிறகு அந்த இரண்டு வார்த்தையும் வார்த்தையாகவே இல்லாமல், நாய்க் குரைப்போடும் தகரத்தோடும் சேர்ந்து வெறும் சத்தமாகிவிட்டது.

முத்துக்குமரன் திருமங்கலம் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அன்று அவனுக்கு மதியம் ஷிப்ட். விதியை மீறுகிறோம் என்று தெரிந்தே, ஹெட்போனை அவன் காதில் மாட்டினாள்.

"அந்தப் பொம்பள என்ன சொல்லுதுன்னு மட்டும் சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "லிட்டில் மம்."

"நெசமாவா? இன்னொருக்கா கேளு. 'எ லிட்டில், மேம்'னு இருக்குமா?"

இன்னொரு தடவை கேட்டான். தலையைச் சொறிந்தான். "நீ சொன்ன பெறகு அப்படியும் கேக்குது."

"அம்புட்டுச் சத்தத்துல எவன் எந்த ஸ்டாப் கேக்குறான்னு கண்டுபிடிக்கிற ஆளுதான நீ?"

"நான் எங்க காதால கேக்குறேன்? வாயப் பாத்துத்தேன் டிக்கெட் கிழிக்கிறது. இதுல வாய் இல்லையே." ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "இது ஒரு வார்த்தைதான? இதுக்குப் போயி ஏன் இப்படி மூஞ்சி வெளிறிக் கெடக்க?" என்றான்.

அவள் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். 'லிட்டில் மம்' என்று திருத்தினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பதிவின் கடைசியில் ஆங்கிலத்தில் நாலு வரிக் குறிப்பும் எழுதினாள். இது தாயின் தங்கையைக் குறிக்கும் சொல்லாக இருக்கலாம் என்றும், அவள் மகனை அண்ணன் என்பதும் அதனால்தான் என்றும், முரண் என்று கொள்ள வேண்டாம் என்றும் எழுதி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் பத்து மணிக்குப் பீமாராவ் கூப்பிட்டான். கோரிப்பாளையம் ஆபீஸில் அவள் வேலையைச் சரிபார்ப்பவன். வயதில் எட்டு வருடம் இளையவன். குரலை உயர்த்தாதவன்.

"அக்கா, குறிப்பு எழுதியிருக்கீங்க."

"ஆமா தம்பி."

"நாம குறிப்பு எழுதக் கூடாதுல்ல?"

"தெரியும். ஆனா அந்தப் பொம்பள சொல்றது அங்க யாருக்கும் புரியல தம்பி. கேட்டுப் பாத்தியா? நம்ம வீட்ல சின்னம்மாங்கிறோம்ல, அதத்தான் அது சொல்லுது. மெஷினு கொஞ்சம்னு எழுதி வச்சிருக்கு. பிள்ளைய கொஞ்ச நேரந்தான் பாக்குறாங்கன்னு ஆயிருமே."

"கேட்டேன்கா. பத்து வாட்டி கேட்டேன்" என்றான். "எனக்கு ரெண்டு மாதிரியும் கேக்குது. நீங்க சொல்ற மாதிரியே இருக்கட்டும், ஆனா நீங்க நினைக்கிற அர்த்தம் அவங்க ஊர்ல இல்லைன்னா? நாம ஒண்ணு சொல்லி, அதை நம்பி அவங்க பிள்ளைய அங்கேயே விட்டு, நாளைக்கு அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

நாகஜோதி இதை யோசிக்கவே இல்லை. "அப்ப எடுத்துட்டுப் போனா மட்டும் ஒண்ணும் ஆகாதா?" என்றாள். ஆனால் குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

"அது நமக்குத் தெரியாதுக்கா. நாம இங்க காது மட்டுந்தான். குறிப்ப எடுத்துடுறேன். அந்த இடத்தை மட்டும் சந்தேகம்னு போட்டு அவங்ககிட்டயே கேட்டு அனுப்புறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பீமாராவ் அதை அவளுக்கு அப்படியே அனுப்பியிருந்தான். நாங்களும் கேட்டோம், உறுதி சொல்ல முடியவில்லை, அந்த இடத்தில் 'கேட்கவில்லை' என்று குறித்துவிடவும்.

கொஞ்சமும் இல்லை, சின்னம்மாவும் இல்லை. பிள்ளையோடு யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு அந்தப் பெண் வாயைத் திறந்து சொன்னாள். தாளில் அவள் ஒன்றும் சொல்லாதவள் ஆகிவிட்டாள். மெஷின் எழுதியதே இருந்திருந்தால்கூடப் பதில் என்று ஒன்று இருந்திருக்கும். நாம் புகுந்து இருந்ததையும் கெடுத்தோமா, இல்லை தப்பான ஒன்றை நிற்கவிடாமல் தடுத்தோமா? நாகஜோதி வெகு நேரம் யோசித்தும் பிடிபடவில்லை. 'கேட்கவில்லை' என்று அவளே தன் கையால் டைப் அடித்து அனுப்பினாள்.

அதற்குப் பிறகு அந்த ஆபீஸின் பதிவுகள் அவளுக்கு வரவில்லை. கண்டித்து மாற்றினார்களா, தானாக மாறியதா என்று பீமாராவும் சொல்லவில்லை. காப்பீட்டுக் கம்பெனிக் கூட்டங்களின் பதிவுகள் வந்தன. அவற்றில் சத்தம் தெளிவாக இருந்தது.

மே மாதம் முதல் வாரத்தில் கனகலட்சுமி வந்தாள். சஷ்விகாவுக்கு இரண்டு சுடிதாரும், காலில் மினுங்கும் செருப்பும் கொண்டுவந்தாள். மூன்று நாள் இருந்தாள். பிள்ளைக்குத் தலை வாரிவிட்டாள், பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டாள். பிள்ளை எதற்கும் முரண்டு பண்ணவில்லை. அதுதான் நாகஜோதிக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் இருவரும் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ள என்னைய என்னன்னு கூப்பிடுதுன்னு மூணு நாளா பாக்குறேன்டி" என்றாள் கனகலட்சுமி. "எதுவுமே கூப்பிட மாட்டேங்குது. கிட்டக்க வந்து நின்னுக்கிருது. இல்லாட்டி, 'இங்க வாங்க'ங்குது. எனக்கு வாங்க போங்கவாம். உன்னைய வாடிங்காததுதேன் பாக்கி."

"பழகிரும்க்கா."

"நான் குத்தமாச் சொல்லலடி."

"நானும் அப்படி நெனைக்கல."

கீரைக் காம்பு கனகலட்சுமியின் மடியில் குவிந்துகொண்டே போனது. "நான் கூட்டிட்டுப் போறது சரிதானா? நீயாவது சொல்லு. இங்கேயே விட்டா, பெத்தவ விட்டுட்டுப் போயிட்டாம்பாக. கூட்டிட்டுப் போனா, வளத்தவகிட்ட இருந்து புடுங்கிட்டாம்பாக. அதுக்காக இல்ல. எனக்கு அவ வேணும்டி. ஆறு வருசமா மெஷினு முன்னாடி உக்காந்துக்கிட்டு இவ மொகத்தத்தேன் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

கூட்டிட்டுப் போகாதே, விட்டுட்டுப் போ என்று சொல்ல நாகஜோதியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கூட்டிட்டுப் போ, உன் பிள்ளைதானே என்பதும் அதே இடத்தில் வந்து நின்றது. இரண்டும் மனசார வந்தவைதான். "அவளயே கேப்பமா?" என்றாள்.

"எட்டு வயசுப் பிள்ளகிட்டயா? ரெண்டு பேருல யாரு வேணும்னு கேக்கச் சொல்றியா?"

கேட்கவில்லை. ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும் என்று முடிவானது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் சஷ்விகா ஜன்னலோரம் உட்கார்ந்து, புதுச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாந்தி எடுப்பாள், கவர் கொடுத்துவிடு என்று நாகஜோதி வெளியே நின்று அக்காவிடம் சொன்னாள். "இருக்குடி, வச்சிருக்கேன்" என்றாள் கனகலட்சுமி. பஸ் புறப்படும்போது பிள்ளை கையாட்டியது. நாகஜோதியும் ஆட்டினாள். அழுதுவிடுவோம் என்று நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை. பிள்ளை ஏன் அழவில்லை என்பதே பெரிதாக இருந்தது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் கனகலட்சுமி போன் பண்ணினாள். இங்கேயே சேர்த்துக்கொள்கிறேன், பிள்ளையும் சரி என்கிறது, டி.சி. மட்டும் வாங்கி அனுப்பு என்றாள். பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லிப் பேசினாள் நாகஜோதி. பக்கத்து வீட்டில் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது என்று பத்து நிமிடம் சொன்னாள் சஷ்விகா. வேறு எதுவும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. குரலில் சந்தோசம்தான் இருந்தது.

ஆனையூர்ப் பள்ளிக்கூடத்தில் கிளார்க் அம்மா விண்ணப்பத்தை நீட்டினாள். "தாயோ தகப்பனோ கையெழுத்துப் போடணும்."

"அவுக அம்மா திருப்பூர்ல இருக்காக. நான் சின்னம்மா."

கிளார்க் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளையின் பழைய ரேங்க் கார்டுகளை எடுத்துப் புரட்டினாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லாவற்றிலும் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் நாகஜோதி என்றே இருந்தது. "நீங்கதானம்மா இம்புட்டு நாளும் போட்டுருக்கீங்க. இப்ப என்ன புதுசா? போடுங்க" என்றாள்.

நாகஜோதி போட்டாள். அரைமணி நேரத்தில் டி.சி. வந்தது. வெளியே வேப்பமரத்தடியில் நின்று வாசித்தாள். பள்ளியை விட்டு விலகுவதற்கான காரணம் என்ற இடத்தில், 'பெற்றோர் விருப்பம்' என்று நீல மையில் எழுதியிருந்தது. எந்தப் பெற்றோர், யாருடைய விருப்பம் என்று நின்றபடியே யோசித்தாள். உள்ளே போய் அந்த அம்மாவிடம் கேட்கலாம் போலவும் இருந்தது. கேட்டால் சிரிப்பார்கள் போலவும் இருந்தது.

தாளை மடக்காமல் கவரில் போட்டுக்கொண்டு, கூரியர் கடை எந்தப் பக்கம் என்று எதிரே வந்தவரிடம் விசாரித்தாள். பதினோரு வருடமாக அவள் குடியிருக்கிற ஊர் அது.