கிணற்றுக்கும் வேம்புக்கும் நடுவில் ஒரு கிற்றார்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை எழுதத் தொடங்கியது என் ஆசைக்கு. முடித்துத் தரச் சொல்லி அவசரப்படுத்தியவள் பிரியந்தினி. நடுவில் கதை என் கையை விட்டுப் போய்விட்டது, அதைத் திரும்பப் பிடிக்க நான் மண்வெட்டி தூக்க வேண்டியதாயிற்று. அது ஆறாம் பகுதியில் வரும்.

தொடங்கிய இடம் பரந்தன் சந்தி. தேத்தண்ணிக் கடையில் பிளேன்ரீயும் வடையுமாக இருந்தேன். அடுத்த மேசை வாங்குகளில் ஒரு பெண்ணும் ஒரு இளைஞனும் எதிரெதிரே இருந்தார்கள், நடுவில் இரண்டு கிற்றார்கள். பெண் பார்க்க வந்த இடம் மாதிரி ஆளுக்காள் மற்றவரின் கிற்றாரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதுகிறவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? வடையை வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்ல வேண்டும். இந்தக் கதையில் ஒரு விவரத்தை வேண்டுமென்றே எழுதாமல் விட்டிருக்கிறேன். அந்த இடம் வரும்போது சொல்லிவிட்டுத்தான் விடுவேன்.

2

வீட்டுக்கு வந்து எழுதிய முதல் தொடக்கம்:

“அலுமாரிக்கு மேலே பல வருடங்களாகத் தூசி படிந்து கிடந்த கிற்றாரைப் பிரியந்தினி மெல்ல இறக்கியபோது அவள் கண்களில்—”

வெட்டினேன். அந்தக் கிற்றாரில் தூசியே கிடையாது. அவள் அதைத் தினமும் வாசிக்கிறாள்.

இரண்டாவது:

“மரத்துக்கும் உயிர் உண்டு. அந்தக் கிற்றார் மட்டும் வாய் திறந்து பேசுமானால்—”

பேசாது. வெட்டு.

மூன்றாவதைத்தான் வைத்துக்கொண்டேன், ஏனென்றால் அது நான் எழுதியது அல்ல, தவராசா அண்ணை சொன்னது:

“பிள்ளை, வயர் குத்துற கிற்றார் இல்லாட்டி இந்தப் பங்குனிக்கு உன்னை மேடையில ஏத்தேலாது.”

3

தவராசா அண்ணை இசைக்குழு வைத்திருக்கிறார். கோயில் திருவிழா, கலியாணம், பாடசாலை விழா, எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். பிரியந்தினி பகலில் கிளிநொச்சியில் ஒரு முன்பள்ளி ரீச்சர். குழுவில் கிற்றார் அவள்தான். அவளுடையது வெறும் மரக் கிற்றார், அதில் வயர் குத்த இடம் இல்லை. முன்னால் மைக் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். போன திருவிழாவில் அந்த மைக் பாட்டின் நடுவில் ஊளையிட்டது. முன்வரிசையில் இருந்த குழந்தைகள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு அழுதன. பூசைக்கு நின்ற ஐயரே எட்டிப் பார்த்தார். பிரியந்தினிக்கு மேடைக்குக் கீழே புகுந்துவிடலாம் போல இருந்தது.

அப்படி இருக்கையில்தான் புளியங்குளத்தில் தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கும் அர்ஷாக் என்பவன், அவள் வாசித்த காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். தன்னிடம் வயர் குத்தும் கிற்றார் இருக்கிறது, உங்கள் பழையதைத் தந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றான். நான் கண்டது அந்தச் சந்திப்பைத்தான்.

அவன் பையைத் திறந்ததும் பிரியந்தினியின் முகத்தைப் பார்க்க வேண்டும்! கரும்பச்சை நிறம். ஒரு பக்கத் தோள் வளைத்து வெட்டப்பட்டிருந்தது, கை தடையில்லாமல் கீழ்வரை போகும். விளிம்பில் சின்னத் திரை ஒன்று, சுருதி சேர்ந்தால் பச்சை வெளிச்சம் காட்டும். அர்ஷாக் மின்கலத்தில் ஓடும் ஸ்பீக்கர்ப் பெட்டியையும் கொண்டுவந்திருந்தான். வயரைக் குத்தி, “அடிச்சுப் பாருங்க அக்கா” என்றான்.

அவள் அடித்தாள்.

சந்தி முழுவதும் திரும்பியது. யாழ்ப்பாண பஸ்ஸின் கண்டக்டர் காலைப் படியில் வைத்தபடி அப்படியே நின்றார். கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணியை ஆற்றுவதை நிறுத்தினார். பிரியந்தினி சிரித்தாள், சின்னப்பிள்ளை ஊஞ்சல் கிடைத்துவிட்டால் சிரிப்பது போல. இன்னொருமுறை அடித்தாள். அவளுக்கு அது வேண்டும். அந்த நிமிடம் அவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம். இதை வாசிக்கிற நீங்கள் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

“உங்களுக்கு ஏன் தம்பி என்ர பழசு? கீறலும் விழுந்து...”

“கீறல் கிடக்கட்டும் அக்கா. என்னிட்டப் பாட்டுப் பதியிற மைக் இரிக்கு. இப்ப வாற கிற்றார் எல்லாம் தகரச் சத்தம். உங்கடதில மரம் கதைக்குது.”

(கிற்றார் பேசாது என்று மேலே எழுதியவன் நான்தான். அவன் சொன்னதை மாற்ற எனக்கு உரிமை இல்லை.)

கை நீட்டினால் புதியது அவளுடையது. ஆனால் அவள் நீட்டவில்லை. “பழசு என்ர அப்பாவின்ரது தம்பி. அம்மாவிட்ட ஒரு சொல்லுக் கேட்டிட்டுச் சொல்லுறன்” என்றாள்.

4

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எழுந்து போய் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, கதை கேட்டேன். அவள் சொன்னது இவ்வளவுதான்.

சண்டை முடிந்த பிறகு அப்பா யோகநாதன் அந்தக் கிற்றாரில்தான் அவளுக்குப் படிப்பித்தார். அதற்கு முன், சண்டை நெருங்கி ஊர் கிளம்பியபோது எல்லாரும் செய்ததைத்தான் அவரும் செய்தார்: கொண்டுபோக முடியாததைத் தண்ணி பிடிக்காத தறப்பாளில் சுற்றி வீட்டு வளவுக்குள் புதைத்தார். மீள்குடியேறி வந்தபோது அப்பா கால் காயத்தோடு ஆஸ்பத்திரியில். பன்னிரண்டு வயதுப் பிரியந்தினிதான் கிணற்றுக்கும் வேம்புக்கும் நடுவில் தோண்டி அதை எடுத்தாள். நாலு வருடத்துக்கு முன் அப்பா நெஞ்சு வருத்தத்தில் போய்விட்டார். கிற்றார் இருக்கிறது.

இப்படி ஒரு கதை கிடைத்தால் எழுதுகிறவன் என்ன செய்வான்? அழ வைப்பான். நானும் எழுதினேன். முடிவு ஒன்று: பிரியந்தினி சந்திவரை போகிறாள், கடைசி நிமிடத்தில் பழைய கிற்றாரைக் கட்டிப்பிடித்து விம்மிக்கொண்டு வீடு திரும்புகிறாள். பெருமையோடு அவளுக்கு அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது.

“அண்ணை, நான் ஏன் அழுறன்?”

“அப்பாவின்ர ஞாபகம்...”

“அப்பாவை ஞாபகம் வைக்க எனக்குக் கிற்றார் வேணுமே? எனக்கு அந்தப் பச்சைக் கிற்றார்தான் வேணும். அப்பா இருந்தா அவரே சந்திக்கு ஓடிப்போயிருப்பார்.”

சரிதானே! பழைய பொருளை விற்கிறவர்களை எல்லாம் கதைகளில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற பழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது? முதல் முடிவைக் கிழித்துவிட்டு முடிவு இரண்டைத் தொடங்கினேன். பங்குனித் திருவிழா, மேடை, கரும்பச்சைக் கிற்றார், ஊளையிடாத மைக். எழுத எழுத எனக்கே கால் தாளம் போட்டது. “பிரியந்தினி வயரைக் குத்தினாள். ஊரே—”

அந்த வசனம் அங்கேயே நிற்கிறது. அன்றுதான் அவள் அம்மாவிடம் கேட்டாள்.

5

அம்மா விமலேஸ்வரி குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. பிரியந்தினி பச்சைக் கிற்றாரின் புகழை மூச்சுவிடாமல் பாடி முடித்துவிட்டு, “மாத்தட்டோ அம்மா?” என்றாள். அம்மா திருவுவதை நிறுத்தினா.

“குடுக்கேலாது பிள்ளை.”

“அப்பாவின்ர எண்டபடியாலோ?”

“அப்பாவின்ர இல்லை எண்டபடியால்.”

பிரியந்தினி பக்கத்துக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டாள். அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பதினைந்து வருடமாகச் சொல்லாததைச் சொன்னா.

“மன்னார்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம் ஒண்டு எங்கட பின்வளவில தறப்பாள் கட்டி இருந்தது, ஞாபகமே? மாஸ்டரம்மா, மாஸ்டரம்மா எண்டு அந்தக் குடும்பத்து அம்மாவைக் கூப்பிடுவம். உழவு இயந்திரத்தால சாமான் இறக்கேக்க ஒரு கிற்றார்ப் பையும் இறங்கினது. வெளியில எடுத்து ஒருத்தரும் வாசிக்கேல்லை. அந்த நேரம் ஆருக்கு மனம்? அவையும் அதை மண்ணுக்க தாட்டுப்போட்டுத்தான் போனவை. நீ கிண்டி எடுத்தது அவையின்ரதை. அந்த வயசில உனக்குக் கிற்றார் எல்லாம் ஒண்டுதானே.”

(இங்கே கொஞ்சம் நிற்கிறேன். வன்னியில் பொருள் புதைத்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் யோசித்திருக்கிறார்கள். வீடு விழுந்துவிடும், வேலி எரிந்துவிடும், கிணறு எங்கே போகும்? ஆகவே கிணற்றையும் ஒரு மரத்தையும் அடையாளம் வைத்து நடுவில் தோண்டு. வளவுக்காரரும் அப்படியே யோசித்தார், வந்திருந்தவர்களும் அப்படியே யோசித்தார்கள். அடுத்தடுத்துப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.)

“அப்பாவுக்கு ஏன் தெரியேல்லை?”

“தெரியாமல் என்ன? பார்த்த உடன தெரியும். நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில கொண்டுபோய் வைச்சிட்டு நிண்டாய். மண்வெட்டி பிடிச்சு உன்ர உள்ளங்கை ரெண்டும் பொக்களம். ‘அப்பா, கண்டுபிடிச்சிட்டன்’ எண்டாய். அவர் உன்ர கையைத்தான் பாத்தார். ‘ஓம் பிள்ளை, இதுதான்’ எண்டார்.”

“பிறகாவது அவரின்ரதைக் கிண்டி எடுத்திருக்கலாமே?”

“எடுத்தால் உனக்குத் தெரிஞ்சிடுமெல்லே.”

பிரியந்தினி அழுதாள். முதல் முடிவில் நான் எழுதியிருந்த அழுகை இதன் பக்கத்தில் நிற்காது. அம்மா தலையைத் தடவிவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னா.

“சொந்தக்காரர் ஒருநாள் வருவினம், அதுவரைக்கும் பழுதாகாமல் வாசிச்சு வைச்சிருப்பம் எண்டவர் அப்பா. அதாலதான் சொல்லுறன், குடுக்கேலாது.”

6

மறுநாள் காலை என் வீட்டுப் படலையில் ஸ்கூட்டி நின்றது. பிரியந்தினி தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, “வாங்கோ அண்ணை, கிண்டுவம்!” என்றாள். எழுத்தாளன் என்பதற்காக யாரும் என்னை இப்படிக் கூப்பிட்டதில்லை. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். அவள் வளவில் தவராசா அண்ணை இரும்பு அலவாங்கோடு முன்னமே வந்து நின்றார். அம்மா கிணற்றடியில் நின்று கையைக் காட்டினா: “அங்கால, வாழைப்பக்கம் கொஞ்சம்.”

எங்கள் பக்கத்தில் மண்ணைத் தோண்டும்போது, சண்டை உள்ளே எதை விட்டுப்போனதோ என்று எல்லாரும் ஒருமுறை பேச்சை நிறுத்துவார்கள். நாங்களும் நிறுத்தினோம். பிறகு தவராசா அண்ணை, “புதையல் வந்தா எனக்குப் பாதி” என்றார், சிரித்தோம், வேர்க்க வேர்க்கத் தோண்டினோம். இரண்டு இடத்தில் ஒன்றுமில்லை. மூன்றாவது இடத்தில் அலவாங்கு எதையோ கிழித்தது.

தறப்பாள்!

பிரியந்தினி குழிக்குள் குதித்துக் கையாலேயே மண்ணை அள்ளினாள். தறப்பாள் துண்டு, கட்டியிருந்த சைக்கிள் ரியூப், உள்ளே கறையான் விட்டுவைத்த கறுத்த மண். மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அடியில் துருப்பிடித்த தகடு, அதில் கம்பி முறுக்கும் திருகாணிகள். ஒன்றுக்கு மட்டும் பிடி இல்லை, அதற்குப் பதிலாகச் சைக்கிள் வால்வு மூடி பொருத்தியிருந்தது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. “இதுதான். அந்த மூடிக்காக என்ர சைக்கிளைக் காத்துப் போக விட்ட மனுசன்.”

பிரியந்தினி அதைக் கழுவி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பாவின் கிற்றார் இனி அது. மற்றக் கிற்றாரைக் கொடுக்க அவளுக்கு இப்போது மனம் வந்துவிட்டது. ஆனால் அது அவளுடையது இல்லை.

7

அர்ஷாக்கிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவன், “அப்ப ஆளைத் தேடுங்க அக்கா. திருவிழா வரைக்கும் நான் வேற ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்” என்றான். எப்படித் தேடுவது? பெயர் தெரியாது, ஊர் சரியாகத் தெரியாது, மாஸ்டரம்மா என்பது மட்டும் தெரியும்.

“அண்ணை, அந்தக் கதையைக் கெதியா முடிச்சு வெளியில விடுங்கோ.”

“யோசிச்சுத்தான் சொல்லுறியோ? சொந்தக்காரர் வந்து கிற்றாரைக் கேட்டா, மாத்தவும் ஒண்டும் இராது, வாசிக்கவும் ஒண்டும் இராது. மேடையும் போயிடும்.”

“தெரியும். எழுதுங்கோ.”

பரந்தன் சந்தியில் கை நீட்டாமல் நின்றபோது கண்ட அதே முகம். எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

ஆகவே முடிவு மூன்று என்னிடம் இல்லை. வழக்கமாக இப்படிச் சொல்லும் எழுத்தாளர் கெட்டித்தனம் காட்டுகிறார் என்று நினைப்பீர்கள். எனக்கு உண்மையாகவே தெரியாது. வாசிக்கிறவர்களில் ஒருவருக்குத் தெரியலாம்.

நான் எழுதாமல் விட்ட விவரத்துக்கு வருகிறேன். அந்தக் கிற்றாரின் வட்ட ஓட்டை வழியாக உள்ளே பார்த்தால், பின்பலகையில் ஒன்று ஒட்டியிருப்பது தெரியும். அப்பா ஒட்டியது என்றுதான் பிரியந்தினி இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். அது என்ன என்று எழுதமாட்டேன். ஒட்டியவருக்குத் தெரியும்.

மாஸ்டரம்மா, அல்லது மாஸ்டரம்மாவின் பிள்ளை, நீங்கள் மன்னாரில் இருக்கலாம், கடல் கடந்தும் போயிருக்கலாம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு வளவில், கிணற்றுக்கும் வேம்புக்கும் நடுவில் ஒரு கிற்றாரை வைத்துவிட்டுப் போனீர்கள். உள்ளே என்ன ஒட்டினீர்கள் என்று வந்து சொல்லுங்கள். பிறகு அதை எடுத்துப் போவதா, மாற்றிக்கொள் பிள்ளை என்று விடுவதா என்பதையும் நீங்களே சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைத்தான் நான் எழுதுவேன்.

கிற்றார் பழுதாகவில்லை. வாசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.